வரைந்தபடியே யோசிப்பது: வீட்டு வடிவமைப்பில் எந்தப் படத்தை எப்போது வரைய வேண்டும்?

நம் ஊரில் வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு படங்களைத்தான் பார்க்கிறார்கள். ஒன்று ப்ளான். இன்னொன்று வாட்ஸ்அப்பில் வரும் ‘3டி எலிவேஷன்’. முதலாவதில் எந்த அறை எங்கே என்று தெரியும். இரண்டாவதில் ரோட்டில் நின்று பார்த்தால் வீடு எப்படி இருக்கும் என்று தெரியும், அதுவும் சாயங்கால வெளிச்சத்தில், வாசலில் ஒரு வெளிநாட்டுக் கார் நிற்க. இந்த இரண்டுக்கும் நடுவே நடந்திருக்க வேண்டிய யோசனை காணாமல் போயிருக்கும். கட்டி முடித்த பிறகு அது ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்: மாடிப்படிக்குக் கீழே போனால் இடித்துக்கொள்வோம், மேற்குப் பக்கத்துப் படுக்கையறை ராத்திரி பதினோரு மணிக்கும் கொதிக்கும், சமையலறைக் கதவைத் திறந்தால் ஃப்ரிட்ஜைத் திறக்க முடியாது.

ஆர்க்கிடெக்சர் மாணவர்களிடம் இதே வியாதி வேறு உருவத்தில் இருக்கிறது. முதல் சில வாரம் இணையத்தில் படம் பார்ப்பார்கள். அப்புறம் நேராகக் கணினியில் மாடல் ஏற்றுவார்கள். வேலையை மதிப்பிடும் ஜூரிக்கு முந்தின ராத்திரி முழுக்க ரெண்டர், அதாவது புகைப்படம் போன்ற கணினிப் படம், ஓடும். செக்‌ஷன் (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்க்கும் படம்) எங்கே என்று கேட்டால் மாடலைக் குறுக்கே வெட்டி எடுத்த ஒரு படத்தை நீட்டுவார்கள். எல்லாம் முடிவான பிறகு வெட்டிய படம் அது. அதை வைத்து யாரும் எதையும் யோசிக்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரியும்.

என் கட்சி இதுதான்: முடித்த யோசனையை அடுத்தவருக்குக் காட்டத்தான் படம் என்று நினைத்தால் பாதி வேலை போச்சு. கட்டட வடிவமைப்பில் யோசனை நடப்பதே தாளின் மேல்தான். ஆனால் எல்லாப் படமும் எல்லாவற்றையும் யோசிக்க உதவாது. ப்ளான் ஒன்றைக் கேட்கும், செக்‌ஷன் வேறொன்றைக் கேட்கும், அட்டை மாடல் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கும். ஒன்று காட்டுவதை இன்னொன்று மறைக்கும். அதனால் வரிசை முக்கியம்.

பேச்சுக்கு ஒரு மனையை வைத்துக்கொள்வோம். சென்னைப் புறநகர், 30 அடிக்கு 50 அடி, தெற்கு பார்த்த மனை. மேற்கே காலி இடம், வடமேற்கு மூலையில் ஒரு வேப்பமரம். கீழும் மேலுமாக ஒரு வீடு.

கை வரையும்போது என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் டொனால்ட் ஷோன் 1980களில் ஒரு காரியம் செய்தார். வடிவமைப்பு ஸ்டூடியோவில் ஓர் ஆசிரியரும் மாணவியும் மேசையில் உட்கார்ந்து பேசியதை வரி வரியாக எடுத்து ஆராய்ந்தார். மாணவி ஒரு பள்ளிக்கூடம் வடிவமைக்கிறார். நிலம் சரிவு, கட்டடம் அதில் உட்கார மாட்டேன் என்கிறது. ஆசிரியர் படத்தின் மேல் இன்னொரு தாளை விரித்து, வகுப்பறைகளைச் சரிவோடு படிப்படியாக இறக்கி வரைகிறார். வரைந்த பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது: மட்டம் மாறும் இடங்களில் குழந்தைகள் ஒதுங்கி உட்காரத் தோதான மூலைகள் தாமாக உண்டாகியிருக்கின்றன. அவற்றை யாரும் திட்டமிடவில்லை. நாம் ஒன்று வரைந்தால் நிலைமை நமக்குத் திருப்பிப் பதில் சொல்கிறது என்று ஷோன் இதைப் பற்றி எழுதினார்.

மசாகி சுவா, பார்பரா ட்வெர்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியதுதான். தொழில் செய்யும் ஆர்க்கிடெக்ட்டுகளையும் மாணவர்களையும் வரையச் சொல்லி, பிறகு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, வரையும்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார்கள். அனுபவசாலிகள் தங்கள் கோடுகளிலிருந்தே ஆட்கள் எப்படி நடமாடுவார்கள், வெளிச்சம் எப்படி வரும் என்பது போன்ற, தாளில் நேரடியாக இல்லாத விஷயங்களை மாணவர்களைவிட நன்றாகப் படித்தெடுத்தார்கள். ஆக, பழக வேண்டியது அழகாக வரைவதை மட்டும் இல்லை. வரைந்ததைப் படிப்பதும் ஒரு பழக்கம். கோடு நேராக வராதவர்கூட நல்ல வடிவமைப்பாளராக இருக்கலாம். வரைந்த தாளைத் திரும்பிப் பார்க்காதவருக்கு அது கஷ்டம்.

எனவே கீழே சொல்லும் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே பொது விதி: வரைந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘நான் நினைக்காதது எதுவாவது இதில் வந்திருக்கிறதா?’ என்று பாருங்கள்.

1. மனையை வரையுங்கள், வீட்டை அப்புறம் பார்க்கலாம்

சர்வே துறை தரும் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சில் (புல அளவுப் படம்) எல்லைக்கோடும் அளவும் இருக்கும். அது பத்திரத்துக்குப் போதும், வடிவமைப்புக்குப் போதாது. மனைக்கு நேரில் போய் டேப் பிடித்து அளந்து 1:100 அளவில் (நிஜத்தில் ஒரு மீட்டர், தாளில் ஒரு சென்டிமீட்டர்) வரையுங்கள். அதில் இவை எல்லாம் வர வேண்டும்: வேப்பமரத்தின் அடிமரம், அதன் கிளை எதுவரை நிழல் தருகிறது, பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எந்த இடத்தில் எந்த உயரத்தில், மின்கம்பம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது. ரோட்டின் மட்டம் ரொம்ப முக்கியம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போடும் ஊரில், இன்று ரோட்டுக்கு ஒரு அடி மேலே இருக்கும் வீடு சில வருஷத்தில் ரோட்டுக்குக் கீழே போய்விடும். அதனால் ரோட்டில் ஒரு இடத்தைச் சுழி மட்டமாக வைத்துக்கொண்டு, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து நாலு மூலையின் மட்டத்தையும் படத்தில் எழுதிவிடுங்கள்.

இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவின் அலுவலக வரைபடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் மரங்களுக்குக் கட்டடத்துக்குச் சமமான மரியாதை உண்டு. வட்டம் போட்டு ‘மரம்’ என்று எழுதிவிட்டுப் போகும் வேலை கிடையாது. கிளை, இலை, சாய்வு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். லக்கி சேனநாயக்க போன்ற ஓவியர்கள் அங்கே வேலை பார்த்தது ஒரு காரணம். ஆனால் அதை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கிளையை வரைய வேண்டுமானால் அதை நின்று பார்த்தாக வேண்டும். பார்த்தவர் அதை வெட்டச் சொல்லிச் சுவர் வைக்க ஒரு தரம் யோசிப்பார். திருவனந்தபுரத்தில் ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில் சுவர்கள் மரங்களுக்கு வழிவிட்டு வளைந்து போவதும் இப்படிப் பார்த்ததன் பலன்தான்.

2. குமிழிகள்

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். ஹால், சமையல், பூஜை, படுக்கை என்று வட்டம் போட்டு, எது எதற்குப் பக்கத்தில் என்று கோடு இழுங்கள். வட்டத்தின் அளவுக்கு அர்த்தம் கிடையாது, உறவுக்கு மட்டும்தான். வீட்டுக்காரரோடு உட்கார்ந்து வரைவது நல்லது. ‘வர்றவங்க ஹாலோட நின்னுடணும், சமையலறை தெரியக் கூடாது’ என்பது போன்ற வாக்கியங்கள் இங்கேதான் வெளியே வரும். அவற்றை அவர் சொன்னபடியே ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: குமிழிகளைச் சுற்றி அப்படியே சுவர் எழுப்பினால் வருவது டப்பாக்களை ஒட்டிவைத்த வீடு.

3. பட்டர் பேப்பரில் ப்ளான்

மனைப் படத்தை மேசையில் ஒட்டி, அதன் மேல் பட்டர் பேப்பரை (அடியில் உள்ளது தெரியும் மெல்லிய தாள்) உருட்டி விரியுங்கள். முதலில் 1:200 அளவு. நம்முடைய 30க்கு 50 மனை அந்த அளவில் நாலரை சென்டிமீட்டருக்கு ஏழரை சென்டிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சின்னதாக ஏன் வரைய வேண்டும்? அந்த அளவில் 9 அங்குலச் சுவர் தாளில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும். தடித்த ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தால் ஒரு கோடே சுவரைவிட அகலமாகிவிடும். சுவர் 9 அங்குலமா, நாலரை அங்குலமா என்ற சர்ச்சைக்கு அங்கே இடமே இல்லை. படிக்கட்டு தெற்கிலா வடக்கிலா, வீட்டுக்கு நடுவில் வானம் தெரிய வேண்டுமா, மரத்தின் பக்கம் எந்த அறை என்ற பெரிய கேள்விகளை மட்டும்தான் கேட்க முடியும். இப்போதைக்கு அவைதான் வேண்டும்.

அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கான் மஞ்சள் டிரேசிங் தாளில் கரித்துண்டால் வரைந்து யோசித்ததும் இந்த வகைதான். கரிக்கோடு அழுக்காக, அகலமாக இருக்கும். விரலால் தேய்த்தால் போய்விடும். அது உறுதி இல்லாதது என்பது பார்த்தவுடன் தெரிவதால் மாற்றுவதற்கு மனசு தயங்காது.

ஒரு ப்ளான் பிடிக்கவில்லை என்றால் அழிக்காதீர்கள். அதன் மேலேயே அடுத்த தாளை விரித்து, பிடித்ததை மட்டும் மறுபடி இழுத்து, பிடிக்காததை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று அடுக்கு போன பிறகு ஒரு வேடிக்கை நடக்கும்: கீழே உள்ள பழைய தாளில் நீங்கள் கழித்துக்கட்டிய ஒன்று, மேலே உள்ள புதிய கோடுகளோடு சேர்ந்து, வேறொன்றாகத் தெரியும். நம் மனையில் முதல் தாளில் வடமேற்கில் வைத்து வேண்டாம் என்று தள்ளிய சமையலறையின் வெளிக்கோடு, மூன்றாவது தாளுக்கு அடியில் வேப்பமரத்துக்கு எதிரான ஒரு திண்ணையாகக் கண்ணில் படலாம். ரப்பர் போட்டு அழித்திருந்தால் அது கிடைத்திருக்காது. ஒவ்வொரு தாளிலும் தேதியும் வரிசை எண்ணும் போட்டுவையுங்கள். எதையும் கிழித்துப் போட வேண்டாம்.

திசை ஓரளவு பிடிபட்டதும் 1:100க்குப் போங்கள். இப்போது கட்டில், டைனிங் மேசை, பீரோ, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் நிஜ அளவுக்கு வரைய வேண்டும். கதவு திறக்கும் வளைவையும் சேர்த்து. ஆறரை அடிக்கு ஐந்தடிக் கட்டிலை 10க்கு 10 அறையில் வரைந்து பாருங்கள். பீரோவை எங்கே வைப்பது, அதன் கதவைத் திறக்க நிற்க இடம் உண்டா என்ற கேள்விக்கு வாயால் சமாதானம் சொல்ல முடியாது. தாள் சொல்லிவிடும்.

4. செக்‌ஷன்: எல்லோரும் தாண்டிப் போகும் இடம்

ப்ளான் என்பது கட்டடத்தைத் தரையிலிருந்து கிட்டத்தட்ட நாலடி உயரத்தில் கிடைமட்டமாக அறுத்து, மேல்பாதியைத் தூக்கிவிட்டு, குனிந்து பார்ப்பது. தலைக்கு மேலே இருப்பது எதுவும் அதில் கிடையாது. நாம் வாழ்வது என்னவோ செக்‌ஷனில். வெயில் இறங்குவது, காற்று ஏறுவது, தலை இடிப்பது, மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பது எல்லாம் அதில்தான் தெரியும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மாடிப்படிக்குக் கீழே ஒரு பாத்ரூம் என்பது நம் வீடுகளின் தீராத ஆசை. ப்ளானில் பார்த்தால் அருமையான இடம், வீணாகக் கிடப்பது போல இருக்கும். இப்போது செக்‌ஷன் வரைவோம். தரையிலிருந்து மாடித் தரை வரை 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். ஒரு படியின் உயரம் 7 அங்குலம் என்றால் 18 ஏற்றம். நடுவில் திரும்பும் படிக்கட்டு என்பதால் பாதிக்குப் பாதி, 9 ஏற்றத்தில் லேண்டிங். அதன் உயரம் 63 அங்குலம், அதாவது 5 அடி 3 அங்குலம். ஸ்லாபும் பூச்சும் போக அடியில் மிஞ்சுவது 4 அடி 9 அங்குலம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நிமிர்ந்து நிற்கலாம்.

சரி, பாத்ரூமை வெளிப்பக்கமாகத் திறக்கவிட்டு, அதன் தரையைப் பேஸ்மட்டத்தைவிட ஒன்றரை அடி தாழ்த்தினால்? 6 அடி 3 அங்குலம் வரும். கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் கிடைக்குமா என்று உடனே ரோட்டு மட்டத்தைப் பார்க்க வேண்டும். முதல் கட்டத்தில் நாலு மூலை மட்டமும் எழுதியிருந்தால் பதில் கையிலேயே இருக்கும்.

இன்னொரு வழி, லேண்டிங்கை உயர்த்துவது. முதல் வரிசையில் 12 ஏற்றம், இரண்டாவதில் 6. லேண்டிங் 7 அடிக்குப் போகும், ஸ்லாப் போக அடியில் ஆறரை அடி. ஆனால் 12 ஏற்றத்துக்கு 11 மிதி, ஒரு மிதி 10 அங்குலம் என்றால் 9 அடி 2 அங்குலம், 3 அடி லேண்டிங்கோடு 12 அடி 2 அங்குலம். சமபாதியாக இருந்தபோது இதே நீளம் 9 அடி 8 அங்குலம்தான். கூடுதலாக இரண்டரை அடி வேண்டும். யார் கொடுப்பது, ஹாலா சமையலறையா?

பாருங்கள், செக்‌ஷன் ஒரு கேள்வி கேட்டதும் ப்ளான் மாற ஆரம்பித்துவிட்டது. இந்தப் போக்குவரத்துதான் வடிவமைப்பு. ப்ளானை முடித்துவிட்டுச் செக்‌ஷன் வரைவேன் என்று சொல்கிறவர் கேள்வியைக் கொத்தனார் தலையில் கட்டுகிறார். அவர் தன் சாமர்த்தியத்துக்கு ஒரு பதில் கண்டுபிடிப்பார், நாம் குனிந்து குனிந்து பழகிக்கொள்வோம்.

வெயிலுக்கும் இதே செக்‌ஷன். சென்னை கிட்டத்தட்ட 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 உச்சிவேளையில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். ஜூன் 21 உச்சியில் சுமார் 80 டிகிரி, ஆனால் வடக்குப் பக்கம். தெற்குச் சுவரில் 2 அடி சன்ஷேட் வரைந்து, அதன் நுனியிலிருந்து 53 டிகிரியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சுவரில் 2 அடி 8 அங்குலம் வரை நிழல் விழும். மீதிக்குக் கீழே வெயில் உள்ளே வரும். டிசம்பர்தானே, வரட்டும். இப்போது அதே 2 அடி சன்ஷேடை மேற்குச் சுவரில் வரையுங்கள். பிற்பகல் நாலு மணிக்கு மேல் சூரியன் 30 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் கோணத்தில் கோடு இழுத்தால் நிழல் ஒரு அடி சொச்சம்தான். நாலடி ஜன்னலை முழுவதும் மறைக்க வேண்டுமானால் சன்ஷேட் ஏறத்தாழ 7 அடி நீள வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. மேற்கில் ஜன்னலைச் சுருக்க வேண்டும், அல்லது பேக்கர் செய்தது போல ஓட்டை விட்டுக் கட்டும் செங்கல் ஜாலி வைக்க வேண்டும், அல்லது படிக்கட்டையும் பாத்ரூமையும் அந்தப் பக்கம் தள்ளிப் படுக்கையறைக்குக் கவசமாக்க வேண்டும். நாலு திசைக்கும் ஒரே சன்ஷேட் போட்ட வீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. அவற்றுக்கு யாரும் செக்‌ஷன் வரைந்திருக்க வாய்ப்பில்லை.

குறைந்தது இரண்டு செக்‌ஷன் வரையுங்கள். ஒன்று படிக்கட்டை வெட்டிப் போகட்டும், இன்னொன்று மேற்குச் சுவரையும் மரத்தையும். இரண்டிலும் ஒரு ஆள் நிற்கட்டும், உயரம் தெரிய.

5. அட்டை மாடல்

1:50 அளவில் நம் மனை 18 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர். பழைய அட்டைப்பெட்டி, பேப்பர் கட்டர், குண்டூசி போதும். சன்போர்டு (நுரை அட்டை) வாங்கி அழகு பார்க்க வேண்டாம். 15ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஆல்பர்ட்டி, மாடலுக்கு வர்ணம் பூசிப் பளபளப்பாக்காதீர்கள், பார்ப்பவர் கண் வேலைத்திறனுக்குப் போய்விடும், யோசனையை எடைபோட மாட்டார் என்று சொல்லியிருக்கிறார். கல்லூரிக் கண்காட்சிகளில் குட்டி மரங்களும் பொம்மைக் கார்களும் நிற்பதைப் பார்க்கும்போது அவர் ஞாபகம் வரும். சுவர்களை ஊசி குத்தி நிறுத்துங்கள், ஒட்ட வேண்டாம். பிடுங்கி வேறு இடத்தில் வைக்க வேண்டியிருக்கும். செல்போன் டார்ச்சை 53 டிகிரியில் பிடித்து, முற்றத்துக்குள் வெளிச்சம் எதுவரை இறங்குகிறது என்று பாருங்கள்.

மாடலை வைத்து யோசித்ததில் உச்சம் ஸ்பெயினின் ஆர்க்கிடெக்ட் அந்தோனி கௌடிதான். பார்சிலோனாவுக்கு அருகே கொலோனியா குவெல் தேவாலயத்துக்காக அவர் ஒரு மாடலை ஆண்டுக்கணக்கில் கட்டினார். 1:10 அளவு. கூரையிலிருந்து நூல்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கட்டடத்தின் எடை எங்கெங்கே இறங்குமோ அங்கெல்லாம் ஈயக் குண்டுகள் போட்ட சின்னப் பைகளைக் கட்டினார். தொங்கும் நூலில் இழுவிசை மட்டும்தான் இருக்கும். அந்த வளைவை அப்படியே கவிழ்த்தால் அழுத்தம் மட்டும் தாங்கும் கல் வளைவு கிடைக்கும். ஒரு பையின் எடையை மாற்றினால் எல்லா நூல்களும் அசைந்து புதிய வடிவத்துக்கு வரும், கணக்குப் போடாமலே. பிறகு அதைப் புகைப்படம் எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அதன் மேல் வர்ணம் தீட்டித் தேவாலயத்தின் தோற்றத்தைப் பார்த்தார். 1908இல் தொடங்கிய கட்டுமானம் 1914இல் நின்றுபோனது. நிலவறை மட்டும் இன்று இருக்கிறது. அந்தச் சாய்ந்த தூண்களை ப்ளானிலிருந்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான கதை சிட்னி ஆப்பரா ஹவுஸ். 1957இல் ஜோர்ன் உட்சன் போட்டியில் வென்றபோது அவரது கூரையின் சிப்பி போன்ற பெரிய ஓடுகள் கையால் இழுத்த அழகான வளைவுகள். அவற்றுக்குக் கணித வரையறை கிடையாது. கட்டுமானம் 1959இல் தொடங்கிவிட்டது, கூரையை எப்படிக் கட்டுவது என்பதோ ஓவ் அரப் நிறுவனத்தின் பொறியாளர்களுக்குப் பெரும் தலைவலியாக நீடித்தது. 1961 வாக்கில்தான் விடை கிடைத்தது: எல்லா ஓடுகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகளாக எடுத்துக்கொள்வது. ஒரே வளைவு என்பதால் ஒரே வகை அச்சுகளில் வார்த்துப் பொருத்த முடிந்தது. கட்டடம் 1973இல் திறந்தது, செலவு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கி 10 கோடியைத் தாண்டியது. அந்த முதல் கோடுகள் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அவை இல்லாமல் அந்தக் கட்டடமே இல்லை. ஆனால் எப்படி நிற்கும் என்ற கேள்வியை அந்த வகைப் படம் கேட்கவே கேட்காது.

6. கண் மட்டத்தில் சில படங்கள்

ப்ளானையும் செக்‌ஷனையும் நாம் யாரும் நேரில் பார்ப்பதில்லை. நடந்து போகும்போது ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகள் வரும், அவ்வளவுதான். ஆகவே கேட்டில் ஒரு படம், வாசலில் ஒன்று, ஹாலுக்குள் நுழைந்ததும் ஒன்று, படி ஏறித் திரும்பும்போது ஒன்று என்று சீட்டுக்கட்டு அளவில் வரைந்து பாருங்கள். கண் உயரம் 5 அடி. பெர்ஸ்பெக்டிவ் சுத்தமாக இருக்க வேண்டும் என்று இல்லை. நுழைந்ததும் எதிரே தெரிவது வேப்பமரமா, வாஷ் பேசினா என்று தெரிந்தால் போதும்.

பாவா கட்டிய கண்டலம ஹோட்டலில் இந்த வரிசைதான் எல்லாம். வண்டியிலிருந்து இறங்கினால் பாறையை ஒட்டிய குகை போன்ற வழியில் நடக்க வேண்டும். திரும்பியதும் ஏரியும் தூரத்தில் சிகிரியாப் பாறைக்குன்றும் திறந்துகொள்ளும். ப்ளானில் அது வெறும் வராந்தா. அகமதாபாத்தின் ஆர்க்கிடெக்ட் பாலகிருஷ்ண தோஷி வேறொரு வழி பிடித்தார். தன் கட்டடங்களைப் பழைய சிற்றோவியங்கள் போலத் தீட்டினார், ப்ளானும் முகப்பும் மரமும் மனிதர்களும் விலங்குகளும் ஒரே தாளில். பொறியியல் கண்ணுக்கு அது குழப்பம். அந்த இடத்தில் என்னென்ன நடக்கும் என்பதைக் காட்டுவதில் எந்தக் கணினிப் படத்துக்கும் குறைவில்லை.

7. இப்போது கணினி

1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்டின் ஸ்கெட்ச்பேட் என்ற வரைபட மென்பொருள், 1982இல் ஆட்டோகேட், அப்புறம் ஸ்கெட்ச்அப், ரெவிட் என்று வந்துவிட்டோம். திரும்பிப் போகச் சொல்பவன் நான் இல்லை. அளவு பிசகாமல் வரைய, பொறியாளரோடு பகிர, ஒரு மாற்றத்தை எல்லாத் தாள்களிலும் ஏற்ற கணினி இல்லாமல் முடியாது. கேள்வி, எப்போது உட்காருவது என்பதுதான்.

ஆட்டோகேட் திரையில் 1:100 போன்ற ஒரு நிலையான அளவு கிடையாது. ஸூம் பண்ணிக்கொண்டே போகலாம். படிக்கட்டு எங்கே என்பது முடிவாகாத நேரத்தில் கதவுச் சட்டத்தின் மூலையைத் திருத்திக்கொண்டிருப்போம். கோடு எல்லாமே சமமாகச் சுத்தமாக இருப்பதால், யோசித்த சுவரும் யோசிக்காத சுவரும் ஒரே மாதிரி தெரியும். இதற்கு ஒரே மருந்து, அடிக்கடி 1:100இல் பிரிண்ட் எடுத்து, அதன் மேல் பட்டர் பேப்பர் விரித்துக் கையால் திருத்துவது.

ரெண்டரைப் பொறுத்தவரை மூன்று சந்தேகங்களை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது லென்ஸ். 10க்கு 12 அறையைக் கல்யாண மண்டபம் போலக் காட்ட அகலக் கோணக் கேமரா போதும். கேமரா பெரும்பாலும் சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும். வீட்டுக்காரராக இருந்தால், ‘கேமரா எங்கே நிற்கிறது, ப்ளானில் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். இரண்டாவது வெளிச்சம். வடக்கு பார்த்த முகப்பில் டிசம்பர் வெயில் அடிக்கும் படங்களைச் சாதாரணமாகப் பார்க்கிறோம். மூன்றாவது, ரெண்டர் வந்ததும் பேச்சு டைல்ஸ் நிறத்துக்குப் போய்விடும். படிக்கட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள். அதனால் படிக்கட்டு முடிவாகும் வரை ரெண்டரைக் காட்டாதீர்கள். ஏஐயிடம் கேட்டு வாங்கும் வீட்டுப் படங்களுக்கு ஒரு வரி: அவற்றுக்குப் பின்னால் ப்ளான் கிடையாது, வெட்டிப் பார்க்கச் செக்‌ஷனும் கிடையாது. நிறம், பொருள் பற்றிப் பேச வைத்துக்கொள்ளலாம்.

8. கொத்தனார் கைக்கும் தரைக்கும்

கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் ஒர்க்கிங் டிராயிங்கில் அளவுகளைச் சங்கிலி போலத் துண்டு துண்டாகக் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் பிசகிக் கடைசிச் சுவர் நகர்ந்திருக்கும். ஒரே மூலையிலிருந்து கூட்டிக்கொண்டே போகும் அளவாகவும் சேர்த்துக் கொடுங்கள். மூலைக்கு மூலை குறுக்களவையும் எழுதுங்கள். நம் மனையில் இரு பக்கமும் 3 அடி விட்டு, வீடு 24 அடிக்கு 32 அடி என்று வைத்தால் குறுக்களவு சரியாக 40 அடி வரும். மேஸ்திரி நூல் கட்டியதும் இரண்டு குறுக்கையும் டேப் பிடித்துப் பார்ப்பார், இரண்டும் 40 என்றால் நாலு மூலையும் செங்கோணம். படிக்கட்டை மட்டும் 1:20இல் தனித்தாளில் வரைந்து, ஏற்றத்துக்கு எண் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பேக்கர் பழைய கடித உறைகளின் முதுகில் வரைந்து, தளத்திலேயே நின்று கொத்தனார்களோடு முடிவெடுத்தார் என்பார்கள். அவர் தினமும் அங்கே நின்றதால் அது செல்லுபடியானது. வாரம் ஒரு தடவை போகிறவர்கள் எண் போட்ட தாளைக் கொடுப்பதுதான் உத்தமம்.

கடைசிப் படம் தரையில், நிஜ அளவில். இது பழைய வழக்கம்தான். போபால் அருகே போஜ்பூரில் 11ஆம் நூற்றாண்டில் முடிக்காமல் விட்ட சிவன் கோயிலைச் சுற்றியுள்ள பாறைகளில் தூண்களுக்கும் தளங்களுக்கும் செதுக்கிய கோட்டுப் படங்கள் இன்னமும் இருக்கின்றன. இங்கிலாந்தின் யார்க், வெல்ஸ் தேவாலயங்களில் சாந்து பூசிய தளத்தில் முழு அளவில் கீறி, அதிலிருந்து கல்லுக்கு அச்சு எடுத்திருக்கிறார்கள். நாமும் அஸ்திவாரம் தோண்டும் முன் சுண்ணாம்புப் பொடியால் அறைகளைப் போட்டு, வீட்டிலுள்ள எல்லோரையும் அதற்குள் நடக்கச் சொல்லலாம். சமையல் மேடையைச் சாக்பீஸால் போட்டு, சமைப்பவரை அங்கே நிறுத்தி, அடுப்புக்கும் சிங்க்குக்கும் திரும்பச் சொல்லுங்கள். அவர் ஒரு அடி தள்ளச் சொன்னால் தள்ளிவிடுங்கள், சுண்ணாம்புக் கோடுதானே.

ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள். மார்க்கிங் அன்று எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும். மேலே வானமும் சுற்றிலும் வெளியும் இருக்கும்போது 10க்கு 12 என்பது ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ‘என்னங்க இது, இவ்வளவுதானா?’ என்று வீட்டுக்காரர் பதறுவார், உடனே ஒரு அடி கூட்டச் சொல்வார். கூட்டினால் படிக்கட்டு நகரும், செக்‌ஷனை மறுபடி வரைய வேண்டும். அதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் வாங்கி வந்து கோட்டுக்குள் போட்டு, அவரைச் சுற்றி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் இடிக்கிறது என்றால் தாளை எடுங்கள்.